வலது கைக்கு வந்த வினை

சிலுவைப்பாடுகளைக் காட்டும் ஆவூர்ப் பாஸ்கா நாடகத்தில் இயேசுவாக நடிக்க வேண்டும் என்பது பஸ் டிரைவர் ஜெரால்டின் நெடுநாள் ஆசை. இந்த வருடம் வாய்ப்பு வந்தது. ஒத்திகையில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிலுவை முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். நாடகம் நடத்தும் பங்கிராஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏப்பா, எடது கை மாநெறமா இருக்கு. வலது கை அடுப்புல கெடந்த தோசைக்கல்லாட்டம் இருக்கே."

"ஜன்னல் பக்கத்துக் கைண்ணே. கந்தர்வக்கோட்டை ரூட்டு வெயிலு."

"அப்ப நீ தீர்ப்புச் சொல்ற பிலாத்து. அவருக்குத்தான் முழுக்கை அங்கி."

ஜெரால்டு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கைக்கு உறை போட்டு ஓட்டுங்க, வெயில் கிரீம் தடவுங்க என்று மனைவி ஜாஸ்பின் தலைபாடாக அடித்துக்கொண்டபோது, "நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று சிரித்தவர் அவர்தான்.

மறுநாள் ஸ்டியரிங் பிடித்த வலது கை தோள்வரை உறைக்குள் இருந்தது. வெளியே தெரிந்த விரல்களில் கிரீம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. கண்டக்டர் லியோன் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன மாப்ள, ஒரு கைக்கு மட்டும் குளுருதா?"

"இல்லடா. அது அடுத்த வருசம் சிலுவையில ஏறப்போகுது."