விமானத்துக்கு ஒரு ஹோல்டர்

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் சேக் தாவூது ஆட்டோவுக்கு ஹோல்டர் விற்றிருக்கிறார், கேரளா போகும் லாரிக்கு விற்றிருக்கிறார், செங்கோட்டை ரயிலில் படுத்தபடி படம் பார்க்கிறவனுக்கும் ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார். விமானத்துக்கு விற்றதில்லை. அந்தக் குறையும் இந்தச் சாரல் சீசனோடு தீர்ந்தது என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஊரில் விமானம் இறங்கத்தான் இடமில்லை, ஓட்ட ஆள் இருக்கு என்பது அவர் பேச்சு.

ஓட்டுகிற ஆள் அவருடைய ஒரே மகன் அஹ்சன். வடக்கே ஒரு பள்ளியில், ரெண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தில் பழகிக்கொண்டிருந்தான். லீவு முடிந்து போனதும், பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தனியாகப் பறக்க வேண்டும். வழி காட்டும் வரைபடம் டேப்லெட்டில் இருக்கும். அதை மடியில் வைத்தால் குனிய வேண்டும். குனிந்த நேரத்தில் வானத்தைப் பார்க்க வேறு ஆளில்லை. தலை நிமிர்ந்தபடியே பார்க்க ஒரு ஹோல்டர் வேண்டும்.

கடையிலிருந்த அத்தனை மாடலையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, பழைய ஆம்னி வேனில் இருவரும் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். குலுங்குவதற்கு ரோடு இருக்கிறது. வெயிலும் மேகமும் மாறி மாறி வருகிறது. இதைவிட வேறென்ன பரிசோதனை. அந்த விமானத்தில் ஓட்டுகிறவன் இடது பக்கம்தான் உட்காருவானாம். ஆகவே வேனை வாப்பா ஓட்டினார், விமானி இடது சீட்டில்.

முதலில் மகன் முகத்துக்கு நேரே முன்கண்ணாடியில் ஒட்டினார். நல்ல சரக்கை வாடிக்கையாளர் மூக்குக்கு எதிரே வைத்தே பழகிய கை அது. கண்ணாடி வெளியே பார்க்கத்தான் வாப்பா, என்று அஹ்சன் சிரித்தான். இடது ஜன்னலில் ஒட்டலாமே என்றும் அவனே கேட்டான். அங்கே காற்று வரும் சின்னக் கதவு இருக்கிறது, எதையும் ஒட்டாதே என்று வாத்தியார் சொன்னதாக வந்த அன்றே சொன்னவனும் அவன்தான். மிச்சமிருந்தது வலது பக்கம். கண்ணாடியை மறைக்காமல், கை தட்டாமல், டேஷ்போர்டின் நடுவே பொருத்தினார்.

மேலகரம் வருவதற்குள் வெளிச்சம் அடிக்குது என்றான். பளபளப்பில்லாத ஸ்க்ரீன் கார்டு ஒட்டினார். ஆடுது என்றான். இரட்டைக் கை ஹோல்டருக்கு மாற்றினார். தூரமா இருக்கு என்றான். கிட்டே இழுத்தார். இப்படி அடுக்கடுக்காகக் குறை சொல்கிற வாடிக்கையாளரை அவருக்குத் தெரியும். ஒன்று, விலையைக் குறைக்கப் பார்க்கிறார்; இல்லை, வேறெதையோ சொல்ல மாட்டாமல் நிற்கிறார். மகனுக்கு ஏது விலை?

அப்புறம்தான் கவனித்தார். வரைபடத்தைப் பார்க்க அஹ்சன் கண்ணை மட்டும் திருப்புவதில்லை. மூக்கு டேப்லெட்டைத் தொடப்போகிற மாதிரி கழுத்தையே திருப்பினான். மூலையில் திரை செத்துப்போன பழைய போனை சேக் தாவூதும் அப்படித்தான் விற்பார். செத்த மூலை தன் கட்டைவிரலுக்குள் வருகிற மாதிரி பிடித்துக் காட்டுவார். பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. பிடித்திருக்கிறவருக்குத் தெரியும்.

ஐந்தருவி ரோட்டில், ரம்புட்டான் விற்கிற கடைகளைத் தாண்டி வேனை ஓரம் கட்டினார். நேரா உக்காரு என்றார். இடது கையை நீட்டி மகனின் இடது கண்ணைப் பொத்தினார்.

"எத்தனை விரல்லே?"

அஹ்சன் கொஞ்சம் யோசித்தான்.

"மூணு, வாப்பா."

அவருடைய இன்னொரு கை ஸ்டியரிங்கை விட்டு எழவேயில்லை.

பொத்திய உள்ளங்கை நனைந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. நோன்புக்கு முன்னாலேயே வலது கண்ணில் புகை மாதிரி தெரிந்திருக்கிறது. அப்புறம் ஓரத்திலிருந்து கறுப்பாய் ஏறி வந்திருக்கிறது. படிக்கிற ஊரிலேயே ஒரு டாக்டர், கண்ணுக்குள்ளே விழித்திரை விலகுது, உடனே ஆபரேஷன் செய்யணும் என்றிருக்கிறார். செய்தால் விமானம் போச்சு என்று இவன் வெளியே வந்துவிட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்கதான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே வாப்பா."

சரக்கு வந்து இறங்காமல் போர்டு வைக்காதவர் சேக் தாவூது. ஆயுசில் ஒரே ஒரு தடவை வைத்துவிட்டார்.

அஹ்சன் பேரத்தை ஆரம்பித்தான். அவர் ரத்தம்தானே. "அந்த ஒரு தடவை மட்டும் தனியாப் பறந்துட்டு வந்துடுதேன். ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு. அப்புறம் நீங்க சொல்லுத டாக்டர்ட்ட வாரேன்."

"வலது பக்கமா இன்னொரு பிளேன் வந்தா?"

"வானம் பெருசு வாப்பா."

எந்தப் பேரத்தையும் பாதி வழியில் முடித்துக் கைகுலுக்குகிறவர் அவர். இதில் பாதி வழி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்த்தார்.

"வானம் பெருசுதான்லே. நீ ஒருத்தன்தான எங்களுக்கு," என்றார். "வாத்தியாருக்கு போன் போடு."

அஹ்சன் இங்கிலீஷில் பேசினான். வாப்பாவுக்குப் புரிந்தது சாரி சார் மட்டும்தான். அதுவே நிறைய தடவை வந்தது.

வேனைத் திருப்பினார். வீட்டில் மனைவி ஹாஜரா பீவி சோறாக்கி வைத்திருப்பாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குப் போகக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்துக் கடை விஸ்வநாதன் அண்ணாச்சி வேனைப் பார்த்ததும் கையை விமானம் மாதிரி விரித்துக் காட்டினார். சேக் தாவூதும் கையை ஆட்டினார். வேறென்ன செய்ய?

பாவூர்சத்திரம் தாண்டியதும் அவருக்குக் கண்ணீர் பொங்கியது. துடைக்கத் தோளில் கிடந்த துண்டை இழுத்தவர் அப்படியே விட்டுவிட்டார். மகன் இடது சீட்டில் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா இருக்கிற பக்கம் அவனுக்கு இருட்டு. மறைக்க ஒன்றுமே தேவைப்படவில்லை. ஆலங்குளம் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினார். எதிரே வந்த லாரிக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டு போனார்கள்.