பெயர் நீக்கித் தரப்படும்

லோன் வேண்டுமா என்று ஓயாமல் வந்த போன்களால் நொந்துபோன மாதங்கி, விற்பனைப் பட்டியல்களிலிருந்து பெயரை நீக்கித் தரும் டெல்லி ஜனக்புரி கம்பெனிக்குப் போனாள். நீக்குவதற்கே சம்பளம், பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் கேட்டாள் அங்கிருந்த பஞ்சாபிப் பெண்.

"சர்நேம்?"

தமிழர்களுக்கு அது கிடையாது என்று மாதங்கி இந்தியில் சொல்லிப் பார்த்தாள். ஏதாவது சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காதாம்.

"கண்றாவி," என்று முணுமுணுத்தாள் மாதங்கி.

"அச்சா," என்று அதையே டைப் அடித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

மறுவாரம் செல்போன் அடித்தது.

"நமஸ்தே, மாதங்கி கண்றாவி ஜி. லோன் சாஹியே?"

அந்தப் பெயர் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. சாக்கடையில் விழுந்ததை எடுத்ததுபோல் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"பேரை எடுக்கச் சொன்னா, பேரு வெச்சு வித்திருக்கா, கடங்காரா."