இடதுகைக்காரன்

மூன்றாவது தடவைதான் ஒல்லிக்கு இடம் கிடைத்தது. டாக்டராகி வார்டில் இரவும் பகலும் அலைந்து இளைத்ததில் அந்தப் பட்டப்பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம், மோதியது ஒரு பட்டாளம். அக்கா குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"எங்க தம்பி சர்ஜன் ஆகப் போறான் சார்!" அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். ஒல்லி மட்டும் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் டப்பா மூடியைத் திறக்கப்போய் வலது கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டான். தள்ளிவைக்கச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கட்டுக்கு மேலே கையுறையை மாட்டிக்கொண்டு, ரப்பர் தோலை இடது கையால் தைத்தான். காத்திருந்த காலமெல்லாம் நாற்காலிக் காலில் இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டுப் பழகியவன், எப்படியோ ஒப்பேற்றிவிட்டான்.

அப்போது பார்த்துப் பின்னால் வந்து நின்றார் பெரிய டாக்டர். துறைத் தலைவர், சிடுமூஞ்சி, இடதுகைக்காரர்.

"அட, நீயும் நம்ம ஆளா?" அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததே அதிசயம்.

'விரல்ல காயம் சார்' என்பது தொண்டைவரை வந்தது. பக்கத்து மேஜைப் பெண்ணின் தையல் இவனுடையதைவிட நன்றாக இருந்தது. ஒல்லி தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் இத்தனை பாடும்.

சேர்ந்த அன்று அவர் எதிரில் இடது கையால் கையெழுத்துப் போட்டான். கோழி கிளறியதுபோல் இருந்தது. "டாக்டர் கையெழுத்துதானே, விடு" என்றவர், தன் பழைய கருவிப் பெட்டியை எடுத்து நீட்டினார். கத்தரிக்கோல், ஊசிப்பிடி எல்லாம் இடதுகைக்காரர்களுக்கென்றே செய்தவை. "யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியாம இத்தனை வருஷமா வெச்சிருந்தேன்." ஒல்லி மறக்காமல் இடது கையை நீட்டி வாங்கினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சொல்லித் தொலைச்சுடேன்டா."

"சொன்னா இடம் போயிடும்க்கா."

"சொல்லாட்டி?"

சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா அவன் கரண்டியைத் தட்டுக்கு இடது பக்கம் வைத்தாள்.

முதல் அறுவை சிகிச்சை ஒரு லாரி டிரைவருக்கு. குடலிறக்கம். "நல்லா தைச்சுடுங்க டாக்டர், பாரம் தூக்கற உடம்பு" என்று ஒல்லியிடம் சொல்லிவிட்டுத்தான் மயக்கத்துக்குக் கண்ணை மூடினார். உள்வேலையை முடித்த பெரிய டாக்டர், மேல்தோலை மட்டும் தைக்கச் சொல்லி ஒல்லிக்கு வழிவிட்டு நின்றார்.

இது ரப்பர் இல்லை. ஒல்லிக்கு அந்த டிரைவரின் குரல் காதைவிட்டுப் போகவில்லை. போனால் போகட்டும் இடம் என்று ஊசிப்பிடியை வலது கைக்கு மாற்றினான்.

"என்ன பண்ற?"

"சார், நான் வலதுகைக்காரன். அன்னிக்கு விரல்ல காயம். பொய் சொல்லிட்டேன் சார்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கத்தப்போகிறார் என்று ஒல்லி காத்திருந்தான். முகக்கவசத்துக்கு மேலே பெரிய டாக்டரின் கண்கள் கலங்கின.

"யார் உன்னை அடிச்சது? அப்பாவா, வாத்தியாரா?"

"சார்?"

"என்னையும் சின்ன வயசுல அடிச்சு அடிச்சுத்தான் வலது கைக்கு மாத்தப் பார்த்தாங்க. நாலு பேர் பார்த்தா நானும் இப்படித்தான் சட்டுனு கையை மாத்திடுவேன்."

"இல்ல சார், நிஜமாவே..."

"உன் தையலைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன். என்கிட்டயே மறைக்கறியே."

ஊசிப்பிடியை வாங்கி ஒல்லியின் இடது கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"மெதுவா தை, நான் பக்கத்துலயே நிக்கறேன். அஞ்சு வருஷம் என்கூடத்தானே இருக்கப் போற? அந்த வலது கையையே மறக்கடிச்சுத்தான் அனுப்புவேன்."

ஒல்லி முதல் தையலைப் போட்டான். கோணலாக விழுந்தது.

"பரவாயில்ல, பிரிச்சுட்டு மறுபடி போடு" என்றார் பெரிய டாக்டர். அவ்வளவு அன்பாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.