கப்பலில் வந்த கீரை

சச்சிதானந்தனுக்குக் குளிர் என்றால் எமன். அப்படிப்பட்டவன் தேடிப்பிடித்துப் படித்ததோ தூந்திரச் செடிகளை. டாஸ்மேனியாவையும் தாண்டித் தெற்கே போனால் வருகிற மக்குவாரித் தீவில் மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. வருடம் முழுக்கக் காற்று, தூறல். நடுக்கோடையிலும் பிரிட்ஜுக்குள் இருக்கிற குளிர்தான். பாசி, புல், தரையோடு மெத்தை போல ஒட்டிக் கிடக்கும் செடிகள், இவைதான் அங்கே தாக்குப்பிடிக்கும். பென்குயின்களும் யானைச் சீல்களும் தம்பாட்டில் இருந்தன. அந்தக் காலத்துச் சீல் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன முயல்களோ பல்கிப் பெருகி, முட்டைக்கோஸ் இனம் போன்ற, அகல இலையுள்ள ஒரு காட்டுக் கோவாவைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அந்தச் செடி குளிரில் எப்படி மூச்சு விட்டு வளர்கிறது என்று அளப்பதுதான் சச்சியின் வேலை. மெல்பேர்னில் இருந்தபடியே.

பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தீவிலிருந்து கப்பலில் வரும் உயிருள்ள செடிகளை இங்கேயே அளந்து முடித்தால் சரி. இல்லாவிட்டால் இந்தக் கோடையின் கடைசிக் கப்பலில் சச்சி தீவுக்குப் போகவேண்டும். அடுத்த கப்பல் வர ஒரு வருடமாகும். மனைவி கமலினியோ யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் விசாவுக்குக் காத்திருந்து, இப்போதுதான் மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில் இருந்த அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவளை ஏன் பயப்படுத்துவான் என்று அவன் இதைச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவன் சரியான கோழை.

செடிகள் வந்த வாரமே, ஒரு சனிக்கிழமை காலை, பல்கலைக்கழகத்துக் குளிரறை பழுதாகிவிட்டது. சச்சி அவற்றை ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து வீட்டு பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வைத்தான். கமலினி பின் வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பழுது பார்க்க வருபவனோடு நிற்கவேண்டுமென்று அவன் வந்த காலோடு திரும்பி ஓடினான்.

குளிரறை சரியாகிவிட்ட சந்தோஷத்தோடு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவனைத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் வதங்கும் வாசம் எதிர்கொண்டது.

“இஞ்சாருங்கோ, சொல்லாமக் கொள்ளாமக் கீரை வாங்கி வச்சிட்டுப் போட்டியள்!” கமலினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வறை வறை எண்டு எவ்வளவு நாளாக் கேக்கிறியள். இலையெல்லாம் ஒரே சுணை. சுடுதண்ணியில போட்டெடுத்துத்தான் வறுத்தனான். கிழங்கை வீணாக்காமப் பின் வளவுக்க நட்டிட்டன், முளைக்கும்.”

சச்சி பின்கதவைத் திறந்தான். காற்றையும் தூறலையும் தவிர வேறொன்றும் கண்டிராத கிழங்குகள், நெருப்பு வெயிலில், மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில் அவிந்து கிடந்தன. முயல்கள் விட்டுவைத்ததைக் கமலினி முடித்துவிட்டாள். அவளைக் கோபிக்க அவனுக்கு மனம் வரவில்லை. கோபமெல்லாம் தன் மேல்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தட்டுக்கு அவளே காவல் இருந்திருப்பாள்.

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தான். அவள் சோற்றின் மேல் வறையை வைத்தாள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று பிசைந்து வாயில் வைத்தான். இத்தனை காலம் படித்த செடியை அன்றுதான் ருசி பார்க்கிறான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாயிருக்கு.”

“எங்க வாங்கினனீங்கள்? இன்னும் கொஞ்சம் வாங்கேலுமோ?”

“இது கடையில இல்லை, கமலினி. கப்பலில போய்த்தான் எடுக்கவேணும்.”

“அப்ப போய் எடுத்துக்கொண்டு வாங்கோவன்,” என்று சிரித்தாள்.

“போனா வர ஒரு வருசம்.”

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. நிபந்தனை, கப்பல், குளிரறை என்று அவன் ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தான். கமலினிக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து குசினிக்குள் போனவள், அடுப்பில் இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“இதில இன்னும் கொஞ்சம் மிச்சம் கிடக்கு,” என்றாள். “இதை வச்சு அளக்கேலாதோ?”