விடுதலைக் கேக்

புறொக்டர் தியாகராஜா கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கண்டிக் கோர்ட்டுக்கு எதிரே இருந்த அவருடைய வக்கீல் கந்தோரில் அன்றைக்குக் கலியாண வீட்டுக் களை. பிரிட்டிஷ் தேசாதிபதி நாடு கடத்தச் சொன்ன ஒரு வெள்ளைக்காரரை, அந்தக் கட்டளை செல்லாதென்று கொழும்பில் நீதவான்கள் விடுவித்துவிட்டார்கள். "தேசாதிபதியும் சட்டத்துக்குக் கீழைதான், கண்டியளோ!" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊட்டிவிடாத குறை. கிளாக்கர் அம்புறோஸும் ஒரு துண்டு தின்றான். பொய் சொல்வானேன், அவனுக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அப்போதுதான் கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அன்னலட்சுமி ஓடிவந்தாள். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் தோட்டத்துத் துரையை எதிர்த்துப் பேசிய அவள் புருஷன் பழனியாண்டியையும் நாடு கடத்தக் கட்டளை வந்திருந்தது. பின்னேர ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல்.

"அவரு இங்கனயே பொறந்தவருங்க. அக்கரையில அவருக்கு நாதி ஏது? அந்தத் தொரைக்குச் சொன்ன நாயத்த இவருக்கும் சொல்லச் சொல்லுங்கய்யா."

அம்புறோஸ் துள்ளி எழுந்தான். அதே கட்டளை, அதே சட்டம். மனுப் போட்டால் நிற்கும். புறொக்டரின் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

தியாகராஜா விரலில் ஒட்டியதை நக்கினார். "அந்தத் தோட்டத்துத் துரை எங்களுக்கு வழக்குத் தாற கட்சிக்காரன் எல்லே, அம்புறோஸ்?"

"சட்டத்துக்கு எல்லாரும் ஒண்ணுன்னு இப்பத்தானே சொன்னீங்க, ஐயா?" என்றான் அம்புறோஸ்.

"அது வேற, இது வேற."

சீ, இதுவும் ஒரு வாயா! ஊருக்குத்தான் உபதேசம். அதோடு விட்டாரா? மிச்சக் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்துக் கடதாசியில் சுற்றி அவள் கையில் வைத்தார். "பாவம், சாப்பிடட்டும்."

அம்புறோஸ் வெளியே போய்ச் சாக்கடைக் காணுக்குள் காறித் துப்பினான். துப்பத் துப்ப இனிப்புப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருப் புறொக்டர்மார் எல்லாரிடமும் ஏறி இறங்கினான். எல்லார் வாயிலும் கொழும்புத் தீர்ப்பு. ஒருவர் கையும் பேனாவைத் தொடவில்லை.

ஸ்டேஷனில் பழனியாண்டி பொலிஸ்காரனோடு யன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அன்னலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"தின்னுங்க. காலையில இருந்து வெறும் வயிறு."

அவன் முகர்ந்து பார்த்தான். கிளாக்கரை மரியாதையாக நிமிர்ந்து பார்த்து, "கேக்குங்களா? யாரு வூட்டு விசேசமுங்க?" என்றான்.

அம்புறோஸ் வாயைத் திறந்தான். வண்டி அசைந்தது. பழனியாண்டி கேக்கைப் பிட்டு, பாதியை யன்னல் வழியே அவளிடம் நீட்டிக்கொண்டே போனான்.