வெறுங்கையோடு அனுப்பாத வீடு

"என் மெஷின் எங்கே?"

தையல்காரி கேட்டாள். அவள் புருஷன் கண்ணாடி முன்னால் நின்று மூன்றாவது தடவையாகத் தலை சீவினான். ஜன்னலோரம் மெஷின் நின்ற இடத்தில் நாலு கால் தடமும் கொஞ்சம் நூல் குப்பையும்தான் மிச்சம். வெட்டி வைத்த பள்ளிக்கூடச் சீருடைகள் நாற்காலியில் குவிந்து கிடந்தன.

"ஏங்க, உங்களைத்தான்!"

"பத்திரமாத்தான் இருக்கு. பழைய சாமான் கடைக்காரன்கிட்ட குடுத்து வச்சிருக்கேன். சம்பளம் வந்ததும் மீட்டுடுவேன். தங்கச்சி புது வீட்டுக்குக் குடி போறாள்ல? வாஷிங் மெஷினுக்கு முன்பணம் கட்ட வேண்டாமா?"

"திங்கக்கிழமை சீருடை குடுக்கணும். குடுக்கலேன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே ஒரு கைக்குட்டை தைக்கக்கூட என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"கிடக்கட்டும் விடுடி. சொந்தக்காரங்க முன்னாடி நான் தலை நிமிர்ந்து நிக்கணும்."

அவன் பஸ் கண்டக்டர். பயணிக்குப் பாக்கிச் சில்லறை தரச் சொன்னால் கை பைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். சொந்தக்காரர் என்றால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடும். குடும்பத்தில் அவனுக்கு 'வள்ளல்' என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற மூன்று பேரிடம் கடன் வாங்கி, அந்த மூன்று பேரும் இருக்கிற தெருக்களைத் தவிர்த்து, பக்கத்து வீட்டுக்குப் போகவே ஊரைச் சுற்றுகிற நிலைக்கு வந்திருந்தான்.

அந்தக் குடும்பத்துச் சட்டம் அப்படி. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வாங்கியதைவிட ஒரு படி பெரிதாகத் திருப்பிச் செய்ய வேண்டும். இரண்டு அடுக்கு டிபன் கேரியரில் ஆரம்பித்தது சுவர்க்கடிகாரமாகி, மின்விசிறியாகி, பீரோவாகி, போன வருஷம் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையாக முடிந்தது. தங்கையின் பழைய வீட்டில் இருந்ததோ ஒரே அறை. மேஜை போக மிச்சம் இடமில்லாததால் பிள்ளைகள் அதன் மேலும், மாப்பிள்ளை அதன் கீழும் படுத்தார்கள். ஆனாலும் எல்லோரும் மெச்சினார்கள். என்ன கண்றாவி மெச்சலோ!

சனிக்கிழமை தங்கையின் புது வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. வாஷிங் மெஷின் சமையலறையிலும் நுழையவில்லை, குளியலறையிலும் நுழையவில்லை. கூடத்து நடுவில், குழாய்க்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினார்கள். பெரியப்பா அதன்மேல் காபி டம்ளரை வைத்துப் பார்த்து, "நல்ல உயரம்!" என்றார். வீட்டில் கையால் துவைத்துத் துவைத்து விரல் தோல் உரிந்துபோன தையல்காரி, அந்த டம்ளரையே பார்த்தாள். பேசினால் அழுதுவிடுவாள்.

அப்போது எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை கையைத் தட்டினான். "மச்சானை வெறுங்கையோட அனுப்பிடுவேனா? அக்காவுக்குத்தான் இது!"

மூலையில் போர்வை மூடியிருந்த ஒன்றை இழுத்து வந்து, போர்வையை உருவினான். தையல் மெஷின். தலையில் சிவப்பு ரிப்பன்.

"பழைய சாமான் கடையில பிடிச்சேன். புது மெஷின் தோத்துடும்னு சொன்னான்!"

தையல்காரி குனிந்து பார்த்தாள். உடைந்த மிதிகட்டையைத் தன் பழைய செருப்பு வாரால் அவள் இழுத்துக் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. மீட்க வருகிறேன் என்று சொல்லிப் போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்ததில்லை என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாதா என்ன? கையோடு விற்றுவிட்டான்.

கூடமே கைதட்டியது. எல்லோருக்கும் முன்னால் தட்ட ஆரம்பித்த வள்ளலின் கைகள் பாதியில் நின்றன. மனைவி காதோரம் குனிந்தான்.

"வாயைத் திறந்துடாதே. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்." அடுத்த மூச்சிலேயே, "இதுக்குப் பதிலா நாம இன்னும் பெருசா ஏதாவது செய்யணுமே… ஃப்ரிட்ஜ் எடுத்துடலாமா?" என்றான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

"என்னம்மா சிரிக்கிறே? மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லு," என்றார் பெரியப்பா.

"யாருக்குச் சொல்றது, பெரிய மாமா? இது என் மெஷின். என் கூலியில வாங்கினது. உங்க வள்ளல் இதை வித்துத்தான் அந்த வாஷிங் மெஷினை வாங்கிட்டு வந்தார். நன்றி சொல்லணும்னா எனக்குத்தான் எல்லாரும் சொல்லணும்."

நாத்தனார் மெல்ல முந்தானையை விலக்கி, காதைக் காட்டினாள். மூளிக்காது.

"அண்ணி… இந்தத் தையல் மெஷினை வாங்க இவர் என் கம்மலைத்தான் அடகு வச்சார்."

"அந்த மேஜைக்கு மேல பெருசா நான் எங்கே போவேன்?" என்றான் மாப்பிள்ளை பரிதாபமாக. மேஜைக்கு அடியில் தூங்கித் தூங்கி முதுகே வளைந்துபோன மனுஷன்.

வாஷிங் மெஷினை ஏற்றி வந்த வேன்காரன் வாடகைக்காகக் கீழே காத்திருந்தான். "வாஷிங் மெஷினை முதல்ல கடைக்கு ஏத்துவோம். முன்பணத்தைத் திருப்பி வாங்கி உன் கம்மலை மீட்போம். அப்புறம் என் மெஷினை வீட்டுல இறக்கணும்," என்றாள் தையல்காரி நாத்தனாரிடம். நாத்தனார் காபி டம்ளரை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு வாஷிங் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"குடும்ப மானத்தையே வாங்கிட்டாளுங்க!" என்று பெரியப்பா கத்தினார். மறு பக்கம் பிடிக்கத்தான் ஒருவரும் வரவில்லை. தையல்காரி பிடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வள்ளல் தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். நாலு தடவை விரலில் குத்திக்கொண்டு, நாலு தடவை 'ஆத்தாடி' என்று அலறினான். ஐந்தாவது சட்டையில் கேட்டான்.

"ஏண்டி, ஒரு சட்டைக்கு உனக்கு என்ன குடுப்பாங்க?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னாள்.

அவன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருபத்தஞ்சு இருக்குங்க," என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல்.