ஆர்விட் முட்டிபோட்ட முதல் ஆட்டம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. குளிரெடுத்தால் இந்தப் போர்வையின் ஒரு முனையை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை ஒருத்தி ஆறு இன்னிங்ஸ் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்த கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத்தில் ஏப்ரல் பிறந்த பிறகும் ஏரியில் பனிக்கட்டி மிதக்கும். இருந்தாலும் பீவர்ஸ் அணி சொந்த மைதானத்தில் பருவத்தின் முதல் பேஸ்பால் ஆட்டம் ஆடுகிறதென்றால், ஊரே கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அந்த முதல் ஆட்டத்தில் மட்டும் பீவர்ஸ் ஜெயித்ததே இல்லை.

லவர்ன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். படிக்கட்டை ஒட்டிய இருக்கை அவளுடையது. அடுத்தது ஆர்விட்டுடையது; மனைவியை இழந்த தபால்காரர். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பிளாஸ்க்கில் கோகோ குடிக்கிறார்கள். அவர் கேட்பார், கேட்பார் என்று நான்கு வருஷம் காத்திருந்தாள் லவர்ன். இந்த வருஷ முதல் ஆட்டத்திலும் கேட்காவிட்டால் அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுவது என்று பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

ஒன்பது இன்னிங்ஸில் அது மூன்றாவது. பீவர்ஸ் நான்கு ரன் பின்தங்கியிருந்தது. ஆர்விட் எழுந்தார். படிக்கட்டில் இறங்கி, அறுவை சிகிச்சை செய்திருந்த வலது முட்டியையே ஊன்றி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"லவர்ன், என்னைக் கட்டிக்கறியா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் பீவர்ஸ் ஆள் மட்டையில் பந்து 'டொக்' என்றது. வேலியைத் தாண்டிப் போய்ப் பனிக்குவியலில் புதைந்தது. ஹோம் ரன்!

"அசையாதய்யா!" என்று கத்தினாள் லவர்ன்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அணிக்கு நல்லது நடக்கும்போது யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஒரு வருஷம் ஹால்வர் என்பவன் மூக்கைச் சொறிந்து ஆட்டத்தையே தோற்கடித்தான். அதை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. அந்த ஹால்வர்தான் பின்வரிசையிலிருந்து குனிந்தான்.

"யோவ் ஆர்விட், முட்டியைத் தூக்கினீரு, அவ்ளோதான்! ஏம்மா லவர்ன், நீயும் வாயைத் தெறக்காத. கேள்வி தொங்கிட்டு நிக்கறதாலதான் ரன் வருது."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் ஆர்விட், முட்டியிட்டபடியே.

ரன் வந்துகொண்டே இருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஐந்துக்கு நான்கு என்று பீவர்ஸ் முன்னால் போனது. மைதானக் காவலுக்கு நிற்கும் பெர்னிஸ் வந்தாள்.

"படிக்கட்டை மறிக்கக் கூடாது, எந்திரிங்க."

ஹால்வர் அவள் காதில் விஷயத்தைச் சொன்னான். பெர்னிஸ் பலகையில் ரன்னைப் பார்த்தாள். "எந்திரிச்சீங்க, நானே புடிச்சு அமுக்கிடுவேன்" என்று சொல்லி, கயிறு கட்டிப் படிக்கட்டையே மூடிவிட்டாள்.

பனி தூறியது. ஆர்விட்டின் வழுக்கையில் ஒரு விரல் உயரம் சேர்ந்தது. தட்டிவிட யாருக்கும் துணிச்சல் இல்லை. அவருக்கு இறைச்சி சாசேஜ் ஊட்டலாமா என்று இரண்டு வரிசை சேர்ந்து ஓட்டெடுத்தது. மெல்லலாம், தலையை ஆட்டக் கூடாது என்று தீர்ப்பானது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். எதிரணி மட்டை பிடித்தது. இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் ஓடக் காத்து நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் பீவர்ஸ் ஜெயித்தாயிற்று.

லவர்ன் ஆர்விட்டைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. முட்டி வெடவெடவென்று நடுங்குவது தெரியாதிருக்கத் தொப்பியால் மூடிக்கொண்டிருந்தார். கண் மட்டும் மைதானத்தில். பெட்டி கட்டி வைத்தது அவள் நினைவுக்கு வந்தது. கேட்டவரை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு ஒரு அவுட்டுக்காகக் காத்திருக்கிறேனே, நான் என்ன மனுஷி?

"கட்டிக்கறேன்! கட்டிக்கறேன்னு சொல்றேன்ல, எந்திரிய்யா!" என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

டொக்.

பந்து ஏரிப் பக்கம் போயே போய்விட்டது. ஏழுக்கு ஐந்து என்று எதிரணி முன்னால்.

சொந்த மைதான அணிதான் கடைசியாக மட்டை பிடிக்கும் என்பதால் பீவர்ஸுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஆர்விட் அவசரமாக மறுபடி முட்டிபோட்டார்.

"லவர்ன், என்னைக் கட்டிக்கறியா?"

"அதான் சொல்லிட்டேனே!"

"சொல்லாத மாதிரி இரேன்!"

பலிக்கவில்லை. மட்டை பிடித்த மூன்று பேரும் வந்த வேகத்தில் அவுட்; ஆட்டம் முடிந்தது.

கூட்டம் கலைந்தது. ஹால்வர் மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டே லவர்னைத் தாண்டிப் போனான். அவன் மூக்கை மன்னிக்காதவர்களில் முதல் ஆள் அவள்தான்.

"ஒரே ஒரு அவுட்" என்றார் ஆர்விட்.

"முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி கெடக்குது." பிளாஸ்க்கில் கடைசியாக மிஞ்சிய கோகோவை ஊற்றினார். குடிக்கவில்லை. "இருபதாவது வருஷம். அதையா எனக்காக விட்டுக்குடுத்த?"

"ஆமா. இப்ப என்ன?"

ஆர்விட் கோப்பையை அவளிடமே நீட்டினார். "இதுக்கு மேல ஒருத்தி என்ன செய்வா?"

ஜூனில் கல்யாணம். அந்த இரண்டு வரிசையும் தோற்ற ஆட்டத்துக்குத் துக்கமாகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்து விடியவிடிய ஆடிவிட்டுப் போனது.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, கேட்கிறவர் முட்டி நோகும் முன்னே பதில் கிடைக்கட்டும். உங்கள் பிளாஸ்க்கில் கடைசி வாய் எப்போதும் சூடாக இருக்கட்டும். நீங்கள் கத்துகிற அணிக்கு அந்த ஒரு அவுட்டும் கிடைக்கட்டும்.